பாதிப்பு: சிறிது

பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பூசைச் சாமான் கடையில் யாரோ கட்டிக் கற்பூரத்தை உடைத்தார்கள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டுதான் நீ காட்டுக்குள் இறங்குவாய். "கடையில விக்கிற கொசு ஸ்ப்ரே தவளைக்கு ஆகாதுடி" என்பாய். உன் கார் முழுக்கக் கோயில் மணக்கும். "இதை மோந்து பார்த்தா, பொண்ணு தொழுகைக்குத்தான் போறாளான்னு எங்கம்மாவே சந்தேகப்படுவாங்க" என்று சிரிப்பாய்.

வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் பஸ் இப்போது புதிய புறவழிச் சாலையில் போகிறது. நகர நெரிசலுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவதால் சீக்கிரம் வீடு சேர்ந்துவிடலாம். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்கிறேன். அதுதான் பொறுக்கவில்லை.

அந்தச் சாலைக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையை நாம் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரித்தோம். காட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது நீ, அதை அறிக்கையாக்குவது நான். சாலை வெட்டிக்கொண்டு போகவிருந்த காட்டுத் துண்டில் எறும்புத்தின்னிகள் இருந்தன. நீ மரத்தில் கட்டிய கேமராவில், ஒரு தாய் தன் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டியது. அந்தப் படத்தைச் சொந்த அக்காள் பிள்ளையின் படம் போல எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாய்.

நம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாதிப்புக்கும் அட்டவணையில் இரண்டு கட்டங்கள். சாலையை அப்படியே போட்டால் எவ்வளவு பாதிப்பு என்பது முதல் கட்டம். பாதிப்பைக் குறைக்கும் வேலைகளைச் செய்தபின் எவ்வளவு என்பது இரண்டாவது. அந்த வேலைகள் இன்னும் நடந்திருக்காது. செய்வோம் என்ற பேச்சுதான். முதல் கட்டத்தில் நீ "பெரிது" என்று எழுதினாய். சாலை போடுபவர்கள், விலங்குகள் கடக்கச் சாலைக்கு மேலே மரம் நட்ட அகலமான பாலம் கட்டுவதாகச் சொன்னதால், இரண்டாம் கட்டத்தில் "சிறிது" என்று போடச் சம்மதித்தாய்.

நான் வேண்டாம் என்றேன். "பாலம் வரலைன்னா?"

"ரோடு எப்படியும் வரும் லா. பாலத்தையாவது வாங்கிடுவோம். ரிப்போர்ட்ல இருந்தா கட்டித்தானே ஆகணும்?"

நம் மேனேஜர் தலையாட்டினார். "அதான் பிராக்டிகல்" என்று சொன்னவர் என் பக்கம் திரும்பி, "கத்துக்கம்மா" என்றார்.

"சிறிது" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துச் சாலைக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் ஒவ்வொரு வரைபடத்திலும் பாலம் சுருங்கியது. முதலில் அகலம் போனது, அப்புறம் மரங்கள் போயின. கடைசியில் பாலமே போய், சாலைக்கு அடியில் ஒரு குழாய் வந்தது. அறிக்கையில் "சிறிது" மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது நீ மருத்துவமனையில் இருந்தாய். தலையில் முடி இல்லை. தேறிவிடுவாய் என்று வந்தவர்கள் எல்லோரும் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ என்னிடம் கேட்டது பாலத்தைப் பற்றி. குழாய்தான் என்று சொல்லிவிட்டேன்.

"மழை பெஞ்சா அதுல தண்ணி ஓடுமே" என்றாய். "பரவால்ல, அதுங்களுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் வைக்கச் சொல்லு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "என் பேரு இருக்கிற ரிப்போர்ட்டுடி அது. அந்த வார்த்தையை மாத்தச் சொல்லு."

கேட்டேன். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "ரிப்போர்ட் குளோஸ் ஆயிடுச்சும்மா. இனிமே யாரு பார்க்கப் போறா?" அந்தப் பதிலை உன்னிடம் கொண்டுவருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இறந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். ஆனாலும் இருக்கிறது. செய்வதாகச் சொன்னவர்களை நம்பி, உன் பெயரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அந்தக் குழாய்க்கு மேலே பஸ் போகும்போது ஒருவரும் ஃபோனிலிருந்து தலை நிமிர்வதில்லை.

இப்போது எந்தக் காட்டின் அறிக்கை என் மேசைக்கு வந்தாலும் முதல் கட்டத்தை மட்டும் நிரப்புகிறேன். இரண்டாவதில் "கட்டிய பிறகு சொல்கிறேன்" என்று எழுதி அனுப்புகிறேன். மேனேஜர் அதை அழித்துவிட்டு "சிறிது" என்று போடுகிறார். அடுத்த அறிக்கையிலும் அதையே எழுதுகிறேன், அவரும் அதையே அழிக்கிறார். இதனால் எந்த விலங்கும் பிழைத்துவிடவில்லை. அவர் போடும் சொல்லுக்குக் கீழே என் பெயர் வரக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர் உடனே சம்மதித்துவிட்டார்.