ஒரிஜினல் உயரம்

ஜனவரி 18, ஞாயிறு

பசாருக்குப் போனேன். மீன் விலையைக் கேட்டுவிட்டு முட்டை வாங்கி வந்தேன்.

யுகேந்திரன் அந்த விண்ணப்பத்தை இன்னும் டிவி ரிமோட்டுக்கு அடியில்தான் வைத்திருக்கிறார். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று ஒரே ஒரு பக்கம். மார்ச் இரண்டாம் தேதி அவர் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது காலை எட்டு மணிக்கு மாக் மண்டின் தொழிற்சாலையில் போய் நிற்க வேண்டும்.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது. தாராளமாக வேலைக்குப் போகலாம், பாரம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான் என்று பிசியோதெரபிஸ்ட் இஸ்ஸதி சொல்லிவிட்டாள். என் கணவர் கேட் வரைகூடப் போவதில்லை.

காரணம் பாலம். எங்கள் வீடு தீவில், தொழிற்சாலை அக்கரையில். அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நவம்பரில் செக்கப்புக்காக அவரைப் பிக்அப்பில் உட்கார வைத்து அக்கரைக்கு ஓட்டிப் போனேன். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டியின் பின்பக்கம் குதித்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினான்கில் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் சின்னக் காரில் போகலாம் என்றால், அவ்வளவு தாழ்ந்த சீட்டில் மடங்கி உட்கார அவரால் முடியாது.

ஜனவரி 21, புதன்

பிக்அப்புக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குலுக்கலைத் தாங்க வேண்டிய பின்பக்க அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டி, கறுத்துக் கிடக்கிறது. குதிக்காமல் என்ன செய்யும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வண்டியை அவர் ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு இஞ்ச் தூக்கி வைத்தபோது, "இது நாற்பது வயசுக் கோளாறு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். சேலையோடு இதில் ஏறுவதைப் பற்றித் தனியாக ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியே நடத்தியிருக்கிறேன். அவர் கோபப்பட்டதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்: இப்படித் தூக்குவது சட்டப்படி தப்பு, அதனால் போலீஸ் ரோட்பிளாக்கில் யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், "ஒரிஜினல்தான்."

ஜனவரி 24, சனி

அப்சார்பர் மாற்றுவது எப்படி என்று எட்டு வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரர், ஒரு நாய், துருவே இல்லாத நட்டுகள்.

வொர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அவருடைய நண்பர்கள், உடனே அவருக்குப் போன் போகும். அவர் வேண்டாம் என்பார். வண்டியை விற்றுவிடலாம் என்று வேறு ஆரம்பித்திருக்கிறார். வண்டி போனால் பாலமும் போனது, வேலையும் போனது.

இது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள்? அவருக்காக நான் கையில் கிரீஸோடு களைத்துப் போய் நிற்பதை அவர் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் அன்பா, விளம்பரமா?

ஜனவரி 28, புதன்

ஆபீஸ் இருக்கும் செபராங் ஜெயாவிலேயே, மதிய உணவு நேரத்தில், நாகூர் மீரானின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அக்கா, பாரம் நெறைய ஏத்துவீங்களா?"

"ஒரே ஒரு முதுகு."

சிரித்தார். "வண்டி தூக்கியிருக்கா?"

"ஒரிஜினல்தான்."

"நல்லா தெரியுமா?"

"கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு அண்ணே."

கேட்ட எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னேன். வாகனத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த பெண்ணை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தின் உறுமிச் சத்தம் காலையிலிருந்து வீட்டுக்குள் கேட்டது. ஒவ்வொரு வருடமும் பந்தலுக்குத் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றிப் போவது எங்கள் பிக்அப்தான். இந்த வருடம் வேறு யாரோ. அவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார், பிறகு சரியாக மூடினார்.

பிப்ரவரி 2, திங்கள்

விடுமுறை. வண்டி கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போர்ச்சில் படுத்தேன், வண்டிக்கு அடியில்.

வலது பக்கக் கீழ் நட் நாற்பது நிமிடம் அசையவில்லை. துரு எண்ணெய் அடித்தேன். ஸ்பானரில் குழாய் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். என் எடை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவை. உள்ளே டிவியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைக் கவனித்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புதியது எட்டவில்லை. மேலே மாட்டினால் கீழே ஒரு விரல்கடை தூரம் குறைந்தது. அச்சுக்கு ஜாக் கொடுத்துத் தூக்கித் தூக்கி எப்படியோ மாட்டிவிட்டேன். இதெல்லாம் வீடியோவில் வரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பிக்அப்பிலேயே ஆபீஸுக்குப் போனேன். முதல் வேகத்தடையில் டொக். பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு டொக். முன்பு குதித்தது, இப்போது உதைக்கிறது. என் முதுகுக்கே வலி வந்துவிட்டது, எனக்கு அங்கே ஒரு கோளாறும் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மாலையில் வண்டியை உள்ளே விட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"முச்சந்தி ஸ்பீட் பம்புல ஏறும்போதே டொக்குனு கேக்குது. அப்சார்பர மாத்துனியா?"

"வண்டி கழுவினேன்."

"லோகா."

"மாத்தினேன்."

"நீ போட்டது கட்டையானது. முழுசா நீண்டு போய் அடிக்குது. தூக்குன வண்டிக்கு நீளமானத போடணும் லா. கடைக்காரன் கேக்கலையா?"

"கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

கிரீஸ் இன்னும் நகத்தில் இருந்தது. ஊராரின் இன்சூரன்ஸ் கோரிக்கைகளை நிராகரிக்கும் காப்புறுதி அதிகாரி நான். "வாகனத்தில் செய்த மாற்றத்தை மறைத்ததால்" என்ற வரியை மாதம் இருபது கடிதத்திலாவது எழுதுகிறேன்.

"ஒரிஜினல்தான்னு சொன்னேன்."

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. வலிக்கிறது போல என்று பதறி அருகில் போனேன். சிரிக்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நான்கரை மாதத்தில் இப்போதுதான் கேட்கிறேன் இந்தச் சிரிப்பை. நானும் சிரித்திருக்க வேண்டும். அழுது தொலைத்தேன்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார்.

"பாலத்துக்கு" என்றேன்.

ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். விண்ணப்பம் அதே இடத்தில்.

பிப்ரவரி 12, வியாழன்

நீளமானது இல்லையாம், வரவழைக்க வேண்டுமாம். சீனப் புத்தாண்டு முடிந்த பிறகுதான் வரும்.

"மொதல்லயே உண்மைய சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார் நாகூர் மீரான். "நான் என்ன போலீஸா?"

பிப்ரவரி 18, புதன்

விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் இன்று ஒரு பேனாவும் இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

சரக்கு வந்துவிட்டது. நாகூர் மீரான் நோன்பில் இருக்கிறார். சோர்ந்த குரலில், "இத நீங்களேவா மாட்டப் போறீங்க? அண்ணன் பாத்துக்கிட்டாவது இருப்பாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் கடையில் நான் சொன்ன இரண்டாவது பொய்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். கட்டையான அப்சார்பர்களைக் கழற்றுவது சுலபமாக இருந்தது, துருப்பிடிக்க நான் நேரம் கொடுக்கவில்லை.

புதிய அப்சார்பரை அழுத்திச் சுருக்கி ஒரு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டு இருந்தால் எப்படி மாட்டுவது என்று வெட்டிவிட்டேன். அது மெதுவாக, ஒரு பெருமூச்சோடு, முழு நீளத்துக்கும் நீண்டது. இப்போது ரொம்ப நீளம். கையால் அழுத்தினேன், அசையவில்லை. தரையில் நிறுத்தி அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்தேன். பாதி இறங்கியது, கையை எடுத்ததும் என்னையும் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"யாராச்சும் அத மொதல்லயே வெட்டுவாங்களா?"

வாசலில் நிற்கிறார். இடுப்பில் முதுகுக்கான பெல்ட், கையில் பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று படி இறங்கி வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மேல மாட்டு. அப்புறம் கீழேர்ந்து ஜாக் வச்சு அழுத்து. இன்னொன்னு கட்டோடயே இருக்குல்ல? அத வெட்டாத. மாட்டினப்புறம் வெட்டு."

இரண்டு மணி நேரம். என் கால்களைப் பார்த்துத்தான் பேசினார், மற்றதெல்லாம் வண்டிக்கு அடியில். ஸ்பானரை இப்படிப் பிடி, அப்படிப் பிடி, அது பதினேழு இல்லை, பத்தொன்பது. ஒரு தடவை தானே குனியப் பார்த்தார். அடியில் இருந்தபடியே கத்தினேன், நிமிர்ந்துகொண்டார்.

நான் நட்டை முழு பலத்தோடு இறுக்கும்போது, "விடு விடு. சக்கரம் தொங்குறப்ப கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது, ரப்பர் முறுக்கிக்கும். வண்டிய கீழ எறக்கி, பாரம் உக்காந்தப்புறம் இறுக்கு" என்றார். இதில் வாழ்க்கைக்கு ஏதோ பாடம் இருக்கிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியபோது ஸ்பானர் நழுவி நெற்றியில் விழுந்தது. பாடம் வேண்டாம்.

வண்டியை இறக்கி, இறுக்கி முடித்தேன். அவர் பின் கதவில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார். வண்டி இறங்கி, ஏறி, நின்றது.

"ம்" என்றார்.

பிப்ரவரி 26, வியாழன்

பேனா இருக்கிறது. தாள் இருக்கிறது. ரிமோட்டைத் தொடாமல் எழுந்து போய் டிவியிலேயே பொத்தானை அழுத்துகிறேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது.

மார்ச் 2, திங்கள்

காலை ஆறரைக்கு நான் குளித்துவிட்டு வரும்போது அவர் தொழிற்சாலைச் சட்டையோடு நின்றிருந்தார். "சாவி எங்க?" என்றார். அவ்வளவுதான்.

நான் ஓட்டினேன். பாலத்தில் கைப்பிடியைப் பிடித்தார். முதல் இணைப்பு வந்தது. ஒன்று, இரண்டு. ஒன்பதுக்குப் பிறகு, "எதுக்கு இப்படி லாரி பின்னாடியே போற? வலது பக்கம் மாறு லா" என்றார். மாறினேன். அதன்பிறகு அவர் எண்ணவில்லை. இறங்கும்வரை என் ஓட்டுதலில் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

மாக் மண்டினில் கேட்டைத் திறந்த காவலாளி ராமதாஸ் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னும் ஒசந்த மாதிரி இருக்கே அண்ணே. திரும்ப தூக்கினீங்களா?"

"ஒரிஜினல்தான்" என்றோம், இருவரும், ஒரே நேரத்தில்.

ஆபீஸ் முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெந்நீர் ஒத்தடத்தோடு படுத்துவிட்டார். வலிக்கிறதாம், ஆனால் நாளை கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப வேண்டுமாம்.

ரிமோட்டை எடுத்தேன். விண்ணப்பம் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில்: பின் அப்சார்பர் நட், மேல் 17, கீழ் 19. ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். லோகாவிடம் ஸ்பானரைக் கொடுக்கக்கூடாது.

சனிக்கிழமை காலையிலேயே இறுக்கிவிடலாம் என்றிருக்கிறேன்.