கறுப்பு மாற்ற ஒரு கை

தஃப்த்,
எஸ்ஃபந்த் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை

அருமை ஃபரங்கீஸுக்கு உன் அண்ணி மஹ்லகா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கோத்தன்பர்கில் இன்னும் பனி விடவில்லை என்றாய். இங்கே பாதாம் பூத்து, போன வாரக் காற்றில் பாதி கொட்டியும் போயிற்று.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க அண்ணி" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போன முறை போனில் நீ சொன்னதை என்னால் விட முடியவில்லை. இந்த நவ்ரூஸ் வருஷப் பிறப்புக்குப் பண்டிகை விரிப்பு விரிக்கப் போவதில்லை, முளைப்பயிர் போடவில்லை, தோளில் கிடக்கும் கறுப்புச் சால்வையை எடுக்கவும் போவதில்லை என்றாய். "அம்மா முகத்தைப் பாக்கக்கூட வந்து சேராதவளுக்குக் கலர் துணி எதுக்கு அண்ணி?" என்று கேட்டாய். விமானம் கிடைக்காமல் நீ பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். மண் போட்டுக் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து நீ எதைப் பார்த்திருப்பாய்? அத்தை உன்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். கடைசி நாட்களில் உன்னைப் பற்றி என்னிடம் கேட்டதெல்லாம், "அவளுக்கு அந்த ஊர்ல நல்ல வெந்தயக்கீரை கிடைக்குதான்னு கேட்டியா?" என்பதுதான்.

நீயாகக் கறுப்பைக் களைந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அது முறையும் இல்லை. துக்கம் காத்தவர் தன்னுடைய கறுப்பைத் தானே எடுக்கலாமா? பெரியவர் ஒருவர் துணி கொண்டுவந்து, கறுப்பைத் தன் கையால் எடுத்துவிட்டு, புதுத் துணியைத் தலையில் போட்டு, "போதும்மா" என்று சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் கழிந்ததும் என் பெரியம்மா எனக்கு அப்படிச் செய்தார். உன் இன்னொரு அண்ணி ஷம்சிக்கு அவளுடைய அக்கா செய்தாள். உனக்குச் செய்ய வேண்டியவர்கள் உன் அண்ணன்மார். அத்தைக்குப் பிறகு உங்கள் வீட்டில் பெரியவர் என்று வேறு யார் இருக்கிறார்கள்?

அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நவ்ரூஸுக்குள் ஃபரங்கீஸுக்கு ஒரு துணி அனுப்புங்கள் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்லதைச் சொன்னாய் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூத்தவன் நான் இருக்கும்போது அவளுக்கு வேற யாரு செய்வாங்க?" என்று கடைத்தெருவில் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். இவர் வீடு திரும்புவதற்குள் அந்தச் சொல் இவரோடு இரட்டையாகப் பிறந்த ஸஃபர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவர் யார் என்பதை எந்த நீதிபதியிடம் கேட்பது? மருத்துவச்சி சொன்னபடி முதலில் வந்தவர் எங்கள் வீட்டுக்காரர் கொத்ரத். "கடைசியா வெளிய வந்தவன்தான் முதல்ல உள்ள போனவன்" என்பது ஸஃபரின் கட்சி. அத்தையிடம் கேட்டபோதெல்லாம், "ரெண்டு பேருமா சேந்து ஒரே நாள்ல என்னைப் பாடாப் படுத்தினீங்க. இதுல பெரிசு என்ன, சிறிசு என்ன?" என்று விரட்டிவிடுவார். வருஷப் பிறப்பன்று சிறியவர்தான் பெரியவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதால் இவர்கள் இருவரும் நேரே அத்தை வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் இருந்தவரைக்கும் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. நான்கூடப் பார், இவர் என்றும் ஸஃபர் என்றுமே எழுதுகிறேன். பெரியண்ணன், சின்னண்ணன் என்று எழுதி, கடிதம் யார் கையிலாவது சிக்கினால் எனக்குத்தான் வம்பு.

நேற்று வருஷத்தின் கடைசி வியாழன். எல்லோரும் கல்லறைக்குப் போனோம். இரண்டு வீட்டிலிருந்தும் இரண்டு தட்டு அல்வா. ஷம்சி கல்லில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஸஃபர், "என் தங்கச்சிக்குத் துணி அனுப்ப இவன் யாரு?" என்று தொடங்கினார். இவர், "மூத்தவன்டா" என்றார். "மூத்தவன்னா எங்க, ஒரு நரை கூடுதலா இருக்கா காட்டு?" என்று அவர் கேட்க, இவர் தொப்பியைக் கழற்றியே காட்டிவிட்டார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஓதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய் அத்தை பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது பேச்சு வார்த்தை இல்லை. சிறியவன் என்று ஒப்புக்கொண்டு அவன் என் வீட்டுக்கு முதலில் வரட்டும், அதன் பிறகு துணி அனுப்புகிறேன் என்கிறார் இவர். இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து அவரும் அதையேதான் சொல்கிறார். தாங்கள் போட்டிருக்கும் கறுப்புச் சட்டையையும் இருவரும் மாற்றவில்லை. நடுவில் நீ அங்கே கறுப்பில் உட்கார்ந்திருக்கிறாய் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு விதை நெல்லே தேவையில்லை, தானாக முளைக்கும்.

இந்தக் கடிதம் வருவதற்குள் நவ்ரூஸ் கழிந்திருக்கும். ஆனாலும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கோதுமையை நனைத்து வை. முளைத்ததைப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறும். மற்றதற்கு நான் இருக்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
மஹ்லகா


தஃப்த்,
ஃபர்வர்தீன் மாதம் பதினைந்து

என் கண்ணே ஃபரங்கீஸ்,

புது வருஷம் உனக்கு இலகுவாக நடக்கட்டும். வருஷம் மாறிய நேரத்தில் நான் போன் செய்தபோது நீ வேலையில் இருப்பதாகச் சொன்னாய். அங்கே அது சாதாரண நாள்தான், தெரியும். ஆனால் உன் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. வேலை செய்யும் இடம் அவ்வளவு அமைதியாகவா இருக்கும்? நீ வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்றே எனக்குப் பட்டது. பொய் சொன்னதற்காகத் திட்டவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

முதல் நாள் கூத்தைச் சொல்கிறேன். அத்தை போன முதல் நவ்ரூஸ் அல்லவா, ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. முறைப்படி மிட்டாய் வைக்கவில்லை, பேரீச்சம்பழமும் அல்வாவும்தான். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் எல்லோரும் இரண்டு வீட்டுக்கும் வந்தார்கள். அங்கே ஒரு தேநீர், இங்கே ஒரு தேநீர். போகிற போக்கில், "அங்க பாவம் அவரு வாசலையே பாத்துக்கிட்டிருக்காரு" என்று இங்கே சொல்வது, இங்கே உள்ளதை அங்கே சொல்வது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மாவா? இவர் குளித்துத் தலை வாரி, வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் முதுகை நிமிர்த்தினார். வந்தது வேறு ஆள் என்று தெரிந்ததும் முதுகு கூன் விழுந்துவிடும். பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து நானும் ஷம்சியும் சேர்ந்து, மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்கு விசாரிக்கப் போனோம். ஓரகத்திகள் நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எங்கள் வீட்டு ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும். திரும்பி வந்தால் இவர் முகம் சுட்ட கத்தரிக்காயாக இருக்கிறது. எங்கே போயிருந்தீர்கள் என்றேன். ரொட்டி வாங்கப் போனேன் என்றார். ரொட்டி எங்கே என்றேன். கடை பூட்டியிருந்தது என்றார். ரொட்டிக்காரர் வருஷப் பிறப்புக்கு முதல் நாளே மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அவரை வழியனுப்பியதே இவர்தான். அதன் பிறகு ஒரே பாட்டு: "அவன் இனிமே எனக்குத் தம்பியுமில்ல, ஒண்ணுமில்ல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிறவன் எல்லாம் மனுஷனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலையில் ஷம்சி போன் செய்து, "அக்கா, எங்க வீட்டுக்காரரு நேத்து ரொட்டி வாங்கப் போனாராம். வெறுங்கையோட வந்து, உங்க வீட்டுக்காரர் கதவைத் திறக்கலன்னு குதிக்கிறாரு" என்றாள். அப்போதுதான் விளங்கிற்று. ஒரே நேரத்தில் இருவரும் கிளம்பியிருக்கிறார்கள். இவர் தெரு வழியாகப் போக, அவர் வாய்க்கால் வழியாக வந்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை. தட்டிப் பார்த்துவிட்டு, 'உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை' என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாளும் ஸஃபர் எங்கள் கதவைத் தட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஃபரங்கீஸ். பிறகு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், தான் சிறியவன் என்று ஊர் பேசினாலும் பேசட்டும் என்று இரண்டு பேருமே போய்த் தட்டியிருக்கிறார்கள். யாருக்காக என்று நினைக்கிறாய்? வருஷம் மாறிய அன்று உன்னிடம் பேசிவிட்டு வந்து உன் குரலைப் பற்றி இவரிடம் சொன்னேன். ஷம்சியிடமும் சொன்னேன், அவள் ஸஃபரிடம் சொன்னாள்.

இதை வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் இல்லவே இல்லை என்று சாதித்துவிடுவார்கள். அதனால் வருஷம் பிறந்து பதின்மூன்றாம் நாள்வரை பொறுத்தோம். அன்று வீட்டில் இருந்தால் பீடை என்று எந்த வீம்புக்காரனும் வெளியே வந்துதானே ஆக வேண்டும். நம் பாதாம் தோட்டத்துக்கே இரண்டு குடும்பமும் போனோம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் சமுக்காளம், அந்தப் பக்கம் அவர்களுடையது. இரண்டு முதுகுகள், ஒன்றையொன்று பார்த்தபடி. கீரைக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் தண்ணீருக்கு மேலாகக் குரல் கொடுத்தேன்: "ஷம்சி, அன்னிக்கு நாம ரெண்டு பேரும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தப்போ என் வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்களாமே, எதிர்வீட்டம்மா சொன்னாங்க." அவளும் சளைக்காமல், "என் வீட்டையும்தான் யாரோ தட்டியிருக்காங்க அக்கா. வீட்ல ஈ காக்கா இல்ல, யாரு திறக்கிறது?" என்றாள்.

ஸஃபர் திரும்பாமலே கேட்டார்: "டேய், நீ வந்தியா?"

"ரொட்டி வாங்கப் போனேன்."

"ரொட்டிக்கடை எங்க தெருவிலயா இருக்கு?"

"எங்க தெருவுல மட்டும் இருக்கா?" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. இவர் எழுந்தார், செருப்போடு வாய்க்காலில் இறங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் இறங்கிவிட்டார். நடுத்தண்ணீரில் நின்று கட்டிக்கொண்டு இரண்டு கிழவர்களும் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட இவர்கள் இப்படி அழவில்லை. ஷம்சி கூடையில் ஒளித்து எடுத்து வந்திருந்த வெள்ளைச் சட்டைகளைக் கொடுத்தாள். ஒருவர் பொத்தானை மற்றவர் கழற்றி, கறுப்பை மாற்றிக்கொண்டார்கள். மூத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

சண்டை ஓய்ந்தது என்று நினைக்காதே. நேற்று உனக்குத் துணி எடுக்க இருவரும் சேர்ந்து போனார்கள். ஒருவர் பச்சை என்றார், ஒருவர் சிவப்புப் பூப்போட்டது என்றார். கடைக்காரர் சாப்பிடப் போக முடியாமல் தவித்தாராம். கடைசியில் இரண்டையுமே வாங்கி வந்துவிட்டார்கள். பார்சலில் பச்சை மேலே இருக்கிறது என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே, கட்டியது நான்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நீ பிரித்துப் பார்ப்பாய், முகர்ந்து பார்ப்பாய், அழுவாய். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அதே கறுப்புச் சால்வையோடு வேலைக்குப் போவாய். கேட்டால், "கொண்டு வந்தவங்க கையால எடுக்கணும்ல அண்ணி, நீங்கதானே முறை சொன்னீங்க" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? எங்கள் ஒருவர் கையும் அவ்வளவு தூரம் நீளாது என்பது உண்மைதான்.

இத்தனை வருஷத்தில் உன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீ ஒரு வரி எழுதியதில்லை. யாராக இருந்தாலும் சரி, உன்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய ஒரு பெண் போதும். துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டு. உன் அம்மா இறந்துவிட்டார் என்று சொல். சால்வையை எப்படி எடுக்க வேண்டும், துணியை எப்படிப் போட வேண்டும் என்று காட்டிக்கொடு. "போதும்மா" என்ற சொல்லை மட்டும் நம் பாஷையில் சொல்லச் சொல், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. ஒரு தட்டுக்குத் திறக்கவில்லை என்று உன் அண்ணன்மாரைப் போலத் திரும்பி வந்துவிடாதே. நின்று, மறுபடி தட்டு. அந்தப் பெண்ணின் கை உன் தலையில் படும்போது எங்கள் எல்லோருடைய கையும் அதுதான் என்று நினைத்துத் தலையைக் குனிந்து கொடு, என் தங்கமே.

உன் அண்ணி,
மஹ்லகா