பெட்டி வந்தால் வரும் வயிற்றுவலி

அன்பு மகள் ரொதிகாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அத்தை அக்லாயாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பசு இரண்டு வேளையும் கறக்கிறது, நீயும் நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவியம்மாவும் இத்தாலியில், பொலோன்யாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உன் மகளைப் பற்றி முதலில் எழுதவில்லையே என்று பதறாதே, தாரியாவின் உயிருக்கு ஒன்றும் இல்லை, இதோ இந்த மேஜைக்கு அடியில்தான் பூனையோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எண்களை அழுத்தி இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். பெட்டிகளை ஏற்றி இறக்குகிற நேலுவின் வேன் நாளைக்கு உங்கள் ஊர்ப்பக்கம் கிளம்புகிறது, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ போன அந்த இலையுதிர் காலத்திலேயேதான் பிள்ளைக்கு வயிறு கெட ஆரம்பித்தது. நாலு நாள் பேதி, இரண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடியும் பேதி, கக்கூஸ் பக்கம் போக முடியாத நாற்றம், வயிறு மட்டும் பானை போல, கையும் காலும் குச்சி. எதற்கெடுத்தாலும் அழுகை, மத்தியானமே தூக்கம், வாயில் புண். உனக்குக் கொஞ்சம் சொன்னேன், பாதியை மறைத்தேன். பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்தாயிற்று. அக்லாயா கண்ணேறு என்று சொல்லித் தண்ணீரில் நெருப்புக் கரியைப் போட்டு மந்திரித்து நெற்றியில் தடவினாள், பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஊரே கூடி ஒரு முடிவுக்கு வந்தது, அம்மா ஏக்கம் என்று. ஏனென்றால், நீ அனுப்புகிற பெட்டி வியாழக்கிழமை வரும், சனிக்கிழமை பிள்ளை படுத்துவிடும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல மகளே, ஒவ்வொரு பெட்டிக்கும். தபால்காரி சஃப்தா என் முகத்துக்கு நேரேயே கேட்டாள், “பெத்தவ அங்க காசு எண்ணுறா, பெத்தது இங்க உருகிப் போவுது, பெட்டியப் பாத்தா புள்ளைக்கு ஆத்தா நெனப்பு வராம என்ன வரும்?” என்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை, நானும் நம்பினேன். போன ஈஸ்டருக்கு போனில் உன்னிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, உன் பிள்ளையை உன் பயணம்தான் தின்கிறது என்று சொன்னேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் பனி கொட்டியது. ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது, பதினெட்டு நாள் சாலை அடைபட்டது, கடைக்கு ரொட்டி வரவில்லை, நேலுவின் வேன் வரவில்லை. வீட்டில் இருந்த மாவு மூன்றாம் நாள் தீர்ந்தது. பரண்மேல் மாட்டுக்கென்று வைத்திருந்த மக்காச்சோளம்தான் கதி, அதைக் கையால் அரைத்துக் களி கிண்டி, பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் மொச்சையும் வைத்துச் சாப்பிட்டோம். உனக்குத் தெரியும் என் சுபாவம். சின்ன வயசில் நாங்கள் களி தின்றே வளர்ந்தோம், அந்தப் பஞ்சம் என் வீட்டு வாசலை இனி மிதிக்கக் கூடாது என்றுதான் இருபத்தாறு வருஷம் அறுவடை இயந்திரம் ஓட்டினேன், என் பேத்திக்கு வெள்ளை ரொட்டி, காலையில் பாலில் காய்ச்சிய ரவைக் கஞ்சி, அதுதான் என் கௌரவம். மெலிகிறாளே என்று கஞ்சியில் இன்னும் ஒரு கை ரவையைக் கூடப் போடச் சொன்னதும் நான்தான். அந்தப் பதினெட்டு நாளில் பத்தாம் நாளோ என்னவோ, தாரியா தானாகவே பூட்ஸை மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடினாள். வயிறு வற்றியிருந்தது. ராத்திரி அழவில்லை. பனிக்காற்று உடம்புக்கு நல்லது போலிருக்கிறது என்று நான் அக்லாயாவிடம் சொன்னேன். கண்ணிருந்தும் குருடன் என்பது யாருக்குப் பொருந்துமோ, உன் அப்பனுக்குப் பொருந்தும்.

சாலை திறந்தது, முதல் வியாழக்கிழமையே உன் பெட்டி வந்தது, இரண்டு பெட்டி சேர்ந்து. பிஸ்கட், அந்த உலர்ந்த திராட்சை போட்ட பெரிய இனிப்பு ரொட்டி, மாவுச் சுருள்கள். பிள்ளை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தின்றாள், நாங்களும் பாவம் என்று தின்னவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நிற்க முடியாமல் என் காலடியில் சுருண்டாள், முகம் சுண்ணாம்பு. திங்கள்கிழமை தூக்கிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக ஒரு பெண், கோர்பு என்று பெயர், உன்னைவிடச் சின்னவள், வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவளிடம் என்ன சொல்வது என்று சலித்துக்கொண்டே சொன்னேன், “டாக்டரம்மா, இது மருந்துக்கு அடங்குற சீக்கு இல்ல, ஆத்தா ஏக்கம், அவ பெட்டி அனுப்புனாப் போதும், புள்ள படுத்துக்கும்” என்று. அந்தப் பெண் பென்சிலை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பெட்டியில என்ன வருதுங்க ஐயா?”

ரொதிகா, இரண்டு வருஷமாக அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சொன்னேன். பனி நாட்களில் நன்றாக இருந்தாள் என்றும் சொன்னேன். “அப்ப என்ன சாப்புட்டா?” என்றாள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, கண்டதையும் என்றேன். அவள் விடவில்லை, “வெக்கப்படாதீங்க ஐயா, எங்க வீட்லயும் களிதான்” என்றாள். சோளக்களி என்று சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிள்ளையை அளவுகோலில் நிறுத்தினாள், பழைய அட்டையைப் பார்த்தாள், ஒன்றரை வருஷத்தில் இரண்டு விரற்கடை கூட வளரவில்லை. நீ முந்திய கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சிவப்பு பூட்ஸ் இன்னும் காலுக்குச் சரியாக இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே, இத்தாலிச் சரக்கு, தேயவே மாட்டேன் என்கிறது என்று. தேயாததில் அதிசயமில்லை, அதைப் போட்டுக்கொண்டு ஓடப் பிள்ளைக்குத் தெம்பில்லை. சரியாக இருந்ததிலும் அதிசயமில்லை, கால் வளரவில்லை.

சீலியாக் நோயாக இருக்கலாம் என்று அவள் சொன்னாள். இருக்கலாம் என்றுதான் சொன்னாள், உறுதியாகச் சொல்லவில்லை. கோதுமையில் ஒரு பசைச்சத்து இருக்கிறதாம், வாற்கோதுமையிலும் ரை என்கிற தானியத்திலும்கூட. சில உடம்புக்கு அது ஆகாது, உள்ளே போனால் உடம்பு தன் குடலோடு தானே சண்டை போடுமாம், குடலின் உள்தோல் தேய்ந்துபோய்த் தின்றது எதுவும் ஒட்டாமல் வெளியே போய்விடுமாம். நாம் ஊட்ட ஊட்ட அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷம் என் கையால் அறுத்த கோதுமை, அதையே என் கையால் அவள் வாயில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அக்லாயாவிடம் சொன்னேன். “டேய் தம்பி, ரொட்டி ஆண்டவரோட முகம்டா, கீழ விழுந்தாக்கூட முத்தம் குடுத்து எடுத்து வைக்கிறோம், அது எப்படிடா புள்ளையக் கொல்லும், அந்தப் பொண்ணுக்குப் பைத்தியம்” என்று கத்தினாள். பிறகு மாவுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, “ரவைக்கஞ்சி காய்ச்சுனது நாந்தானே, நாந்தானே” என்று அழுதாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், மருந்து பரண்மேல் மாட்டுத் தீவனமாக இருந்திருக்கிறது.

அன்றைக்கே ரொட்டியையெல்லாம் தூக்கிப் பன்றிக்குப் போடப் போனேன். ஆனால் டாக்டரம்மா முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள், நிறுத்தக் கூடாது என்று. நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனை பொய் சொல்லிவிடுமாம், நோய் இருந்தும் இல்லை என்று காட்டுமாம். ஐந்து வாரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள், முந்தாநாள் முடிவு வந்தது, தாளின் நகலை உள்ளே வைத்திருக்கிறேன், இருக்க வேண்டிய அளவைவிடப் பத்து மடங்குக்கு மேல். இன்னும் யாஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்வார்களாம், இருபத்தாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் தினமும் ரொட்டி கொடுத்தே ஆக வேண்டும். தெரியாமல் கொடுத்தது ஒரு பாவம், இப்போது தெரிந்தே கொடுக்கிறேன், தினமும் காலையில் ஒரு துண்டு வெட்டுகிறேன், அந்தக் கத்தியை எடுக்கும்போது என் மனசு படுகிற பாடு எதிரிக்கும் வேண்டாம். இன்னும் பத்து நாள்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஈஸ்டர் அன்று நான் சொன்னது அபாண்டம். உன் பயணம் பிள்ளையைத் தின்னவில்லை. அவள் அப்பன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு நீ போயிருக்காவிட்டால் இந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்காது. உன் தலையில் பழியைக் கட்டினேன், கேள்வி கேட்கத் தெரியாத முட்டாள் நான், என்னை மன்னித்துவிடு. சஃப்தாவிடமும் வேனுக்குக் காத்திருந்த கூட்டத்திலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன், “ஏக்கமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, மாவு, வெறும் மாவு” என்று. அவள் தபால் பையைத் தோளில் மாட்டவே மறந்துபோனாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பிள்ளை போனுக்கே வருவதில்லை, என்னை மறந்துவிட்டாளா என்று நீ அழுதாயே. உன் போட்டோவைக்கூட அவள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள், நான் உன்னிடம் சொல்லவில்லை. நேற்றுக் காலை ரொட்டித் துண்டை வைத்துவிட்டு, உனக்கு வயிறு வலிப்பது இதனால்தான், இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் கிடையாது என்று விளக்கிச் சொன்னேன். ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப அம்மாவ நெனச்சா வயிறு வலிக்காதா தாத்தா?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை, யார் அப்படிச் சொன்னது என்றேன். “நீங்கதான, எல்லாரும்தான சொன்னீங்க. அதான் நான் நெனைக்காம இருந்தேன். ரொம்ப நாளா நெனைக்கவே இல்ல. பெட்டி வந்தா மட்டும் நெனப்பு வந்துரும்” என்றாள். பிறகு, “இப்ப நெனச்சுக்கலாமா?” என்றாள். ஆறு வயசுப் பிள்ளை மகளே, பெற்றவளை நினைக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள். மாட்டுக்கொட்டகையில் போய் நின்றுகொண்டு அழுதேன், அக்லாயா தேடிக்கொண்டு வரும்வரை.

இனிப் பெட்டியில் பிஸ்கட் அனுப்பாதே, உங்கள் ஊரில் இந்த நோய்க்கென்று தனி மாவு விற்கிறார்களாம், இருபத்தாறுக்குப் பிறகு நான் சொன்னதும் அதை அனுப்பு. பூட்ஸ் வாங்காதே, கொஞ்சம் பொறு, கால் வளரட்டும். மறக்காமல் நீயும் இரத்தம் கொடுத்துப் பார், இது குடும்பத்தில் ஓடுமாம், உனக்கு எப்போதும் இரத்தம் குறைவு, வாயில் புண் வரும், சோம்பேறி என்று உன்னையும் திட்டியிருக்கிறேன். பார்த்து முடிக்கும்வரை நீயும் ரொட்டியை நிறுத்தாதே. நானும் நாளை மறுநாள் இரத்தம் கொடுக்கப் போகிறேன். கிழவியம்மாவிடம் கெஞ்சியாவது இருபத்தாறாம் தேதி யாஷ் வர முடியுமா பார், முடியாவிட்டால் மனசை உடைத்துக்கொள்ளாதே, நான் பக்கத்திலேயே இருப்பேன். ஆண்டவரும் அவர் தாயாரும் உன்னைத் தங்கள் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு போன் பண்ணு. போட்டோவை மறுபடியும் உன் முகம் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டாள். போனை அவள்தான் எடுப்பாளாம், நான் அதைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

உன் அப்பா,
ஹரலாம்பி