சனிக்கிழமைத் தண்ணி

இன்று எங்கள் மாடிப்படிகளைக் குளோரின் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் மாதம் ஒருமுறை நடப்பதுதான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். நான் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. இந்த மணத்தைத் தாண்டி நடக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு மொட்டைமாடியில் ஆறு தொட்டிகள். யோகட் தொழிற்சாலை கழுவிச் சாக்கடைக் கானில் விடும் புளித்த தண்ணீரை நீ கேட்டு வாங்கி வருவாய். இங்கே வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடல்நீர் அள்ளி ஓட்டோவில் கொண்டுவருவது என் வேலை. இரண்டையும் வடித்துக் கலந்து கடல் நுண்பாசியை விட்டால் நாலைந்து நாளில் தொட்டி பச்சையாகிவிடும். சிலாபத்து இறால் பண்ணைக்காரர் தன் குஞ்சுகளுக்குத் தீனியாக அதைத்தான் கேட்டிருந்தார். "ஆக்கள் கானுக்குள்ள ஊத்திற தண்ணியில நாங்க இறால் வளக்கிறம்டி" என்று சிரிப்பாய்.

சனிக்கிழமை தொழிற்சாலையில் பாத்திரங்களைக் குளோரின் போட்டுக் கழுவுவார்கள். அன்றைய தண்ணீர் பாசியைக் கொன்றுவிடும், தொடவே கூடாது. மற்ற நாள் தண்ணீரையும் ஒரு போத்தலில் கொஞ்சம் பாசியோடு விட்டுவைப்பாய். மறுநாளும் பச்சை நின்றால்தான் தொட்டிக்குப் போகும். நான் அவசரப்பட்டால், "என்னடி, மூக்கை வீட்டில வச்சிட்டு வந்தனியோ?" என்பாய்.

உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த கிழமை தொட்டிகளை என்னிடம் விட்டுப் போனாய். ஓட்டோக்காரர் பெற்றோல் வரிசையில் நின்றதால் வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. திங்கட்கிழமை பண்ணைக்காரர் வருவதாக இருந்தது; அதற்குள் பச்சை நின்ற தொட்டிகளுக்கு இன்னொரு தடவை தண்ணீர் விடவேண்டும். சனிக்கிழமை போய் எடுத்து வந்தேன். போத்தலில் விட்டுப் பார்க்கவில்லை. என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது, குளோரின் மணமும் வந்தது. கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது என்று ஊற்றினேன். விதைக்கு வைத்திருந்த பாசிப் போத்தலுக்கும் ஊற்றினேன், பாவி.

நீ வந்தபோது எல்லாம் வெளுத்துக் கிடந்தது. கரண்ட் வெட்டில், தொட்டிகளுக்கும் விதைப் போத்தலுக்கும் காற்று ஊதும் பம்பும் நின்றிருந்தது. கரண்ட் இல்லாதபோது அதை ஓட்டவேண்டிய பற்றரி பழசு.

"வெள்ளிக்கிழமைத் தண்ணிதானே ஊத்தினனி?"

"ஓம்."

"அப்ப என்ர பிழைதான். பற்றரிய மாத்திப்போட்டுப் போயிருக்கோணும்."

அந்த ஓமை நம்பித்தான் தொட்டிகளை விற்றாய். கொள்ளுப்பிட்டியில் யாருடைய கந்தோரிலோ கடிதம் அடிக்கப் போனாய். பாசி பற்றி நீ பிறகு வாயே திறக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "அந்தப் பற்றரிய மட்டும் மாத்தியிருந்தா..." என்றாய். நான் உனக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். உரித்து முடித்து, சுளைகளை ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். நீ நன்றியோடு வாங்கிச் சாப்பிட்டாய்.

உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தவும் போனேன். அங்கேயும் வாய் வரவில்லை. இனிச் சொல்லி என்ன, மன்னிக்கவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. நீ கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இன்னும் என்னிடமே கிடக்கிறது.

இல்லையடி. அது சனிக்கிழமைத் தண்ணி.