காட்டை வெட்டியவருக்குப் பொன்னாடை

ஒக்டோபர், கடைசி ஞாயிறு. இரவு.

கை இன்னும் கூசுகிறது. சென்ட் லோரன்ட் மண்டபத்தில் இன்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விழா. வடக்கே ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளை வெட்டும் கொம்பனி ஒன்றின் பங்காளிக்கு, வெட்டிய இடத்தில் கன்று நட்டதற்காகப் பொன்னாடை. நான் காடுகளைப் பற்றிப் படித்தவளாம். அதனால் போர்த்துகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் வெட்டினது கிழட்டுக் காடு, அண்ணை. வயசு போன மரத்தில தொங்கிற பாசியைத்தான் கரிபு மான் பனிக்காலத்தில தின்னும். கன்றில அது வர எங்கட ஆயுள் காணாது."

"அதைப் பேந்து கதைப்பம், தங்கச்சி. சனம் பாத்துக்கொண்டிருக்குது."

போர்த்தினேன். சிரித்துக்கொண்டு படத்துக்கும் நின்றேன். சபையில் ஒருவரின் முகத்தை முறிக்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். மான்களுக்கு யார் முகம் பார்ப்பார்கள்?

வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஸ்புரூஸ் கன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னுடையதை வாங்கி, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஹீட்டரடியில் வைத்தார்.

"வெளியில வையுங்கோ அம்மா. அது குளிர்காட்டு மரம். உள்ளுக்கு வச்சால்தான் சாகும்."

"விசர்க்கதை கதையாதை. இந்தக் குளிருக்கு விறைச்சுப் போம், பாவம்."

நானே தூக்கிப் பல்கனியில் வைத்தேன். இப்போது படுக்கப் போகுமுன் பார்த்தால், கன்று திரும்பவும் ஹீட்டரடியில் நிற்கிறது. அம்மா தன் கம்பளிச் சால்வையை அதற்குப் போர்த்திவிட்டிருக்கிறார்.