ஈரத் தலை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, முனகலுக்கும் குறைவில்லை. நீ போனில் கத்திவிட்டு வைத்த மறுநாளே உன் பெண்டாட்டி பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். வேலை முடிந்து ஈரத் தலையோடு வீடு திரும்புகிறாள், எங்கே போய்க் குளித்துவிட்டு வருகிறாளோ என்று உன் எதிர்வீட்டுக்காரி கொளுத்திப் போட்டாளாம், நீயும் பற்றிக்கொண்டாய். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. நீ ஊரை விட்டுப் போன பிறகு உன் பெண்டாட்டி சேர்ந்த பஞ்சு மில்லுக்கு நானே நேரில் போனேன். ஷிப்ட் முடிந்ததும் அத்தனை பெண்களும் பின்பக்கக் குழாயடியில் நின்று தலையை அலசுகிறார்கள். அலசாவிட்டால் பஞ்சுத் தூசி ராத்திரியெல்லாம் அரிக்குமாம். இவ்வளவுதானடா விஷயம். ஏன் தலை ஈரமாக இருக்கிறது என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை.

இதை உனக்கு எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சந்தோஷத்தில் அவளைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுத் துரத்துகிறவனின் கதை, ரொம்பப் பழைய படம். கடைசியில் ஒரு சாட்சி வந்து உண்மையைச் சொல்ல, அவன் ஓடிவந்து அவள் வாசலில் நின்று அழுகிறான், அவள் கண்ணைத் துடைத்து உள்ளே கூட்டிப்போகிறாள். தியேட்டரே கை தட்டியது, நானும் தட்டினேன், இவள் தட்டவில்லை. திரும்பி வரும்போது, சாட்சி வந்ததும் நம்பிட்டான், வரலைன்னா அவ கதி என்ன அத்தை என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். உனக்குத்தான் நான் இருக்கேனே, மில்லுக்கே போய்ப் பாத்துட்டேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நீங்களும் பாத்துட்டுத்தான் நம்புனீங்களா என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

இரண்டு நாளில் தனியாக அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா வாசல்வரை போய் எவ்வளவோ கெஞ்சினார், அவள் அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். நாம் பிடித்து வைத்து அடைக்கிற பிள்ளையா அவள். எனக்கு வீடே வெறிச்சென்று இருக்கிறது. கடவுள் உனக்கு நல்ல ஆயுசும் அதைவிட நல்ல புத்தியும் கொடுக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போட்டு விசாரிக்காதே. உன் பெண்டாட்டி இருக்கும் முகவரி எனக்குத் தெரியும். உனக்குத் தர வேண்டாம் என்றாள், தர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா