கயிறு சுற்றும் கட்டை

மே 27, சனி

காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், என் வீட்டுக்காரர் பிரைட்டனுடைய கயிற்றில் கால் மாட்டிக் கட்டில்மேல் விழுந்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இருப்பது பத்துக்குப் பத்து அறை. பாதி எங்களுக்கு, பாதி அந்தக் கயிற்றுக்கு.

செம்பூரில் ஏழு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கிறார். தொங்குகிற பலகையில் உட்கார்ந்து செய்கிற வேலை. பலகைக் கயிறு அங்கேயே கிடக்கும். இது இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது. பலகை நழுவினால் ஆளைப் பிடிக்க வேண்டியது இதுதான். அங்கே வைத்தால் காணாமல் போகிறதென்று தினமும் கொண்டுவந்து குவியலாகப் போடுகிறார்.

"உசிரக் காக்குற கயிறுட்டி, காலால மிதிக்கியே" என்கிறார். நகம் போனவள் நான்!

"உசிரக் காக்குறத ஒழுங்கா வச்சாத்தான் என்னவாம்?" என்றேன்.

மே 29, திங்கள்

ஆசாரி நம்பிராஜனிடம் சொல்லி ஒரு கட்டை செய்து வாங்கினேன். ஒன்றரை அடி பிளைவுட் துண்டு. இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி வெட்டு, நடுவில் கை நுழைகிற ஓட்டை. அவ்வளவுதான். ஒரு கையில் பிடித்துக்கொண்டு சுற்றினால் முப்பது மீட்டரும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. ஆணியில் மாட்டினேன். வீட்டுக்குத் தரை இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

பிரைட்டன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னட்டி, பட்டம் விடப் போறியா?"

ஜூன் 1, வியாழன்

இன்று அவரே சுற்றினார். நான் கை வைத்தால், "லூசா சுத்துத, தள்ளு" என்று விரட்டுகிறார். பட்டமா என்று சிரித்தவர்!

ஜூன் 4, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து இவர் ஆண்டாப் ஹில்லில் தன் தம்பியைப் பார்க்கப் போனார். மத்தியானம் புழுதிக் காற்று. பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா அக்காவின் கூரைத் தார்ப்பாய் பறக்கிறது. "ஜோஸ்பின், ஒரு கயிறு இருந்தா குடேன், சாயங்காலமே தாரேன்" என்று ஓடிவந்தாள். கட்டையோடு எடுத்து நீட்டினேன். சொன்னபடியே சாயங்காலம் அழகாகச் சுற்றித் தந்துவிட்டாள். இவர் வருவதற்குள் ஆணியில் மாட்டியாயிற்று. இதையெல்லாம் ஒரு பேச்சாகச் சொல்லவா முடியும்?

ஜூன் 5, திங்கள்



இவர் ஏழு மணிக்கே கயிற்றோடு கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது மேலே பார்த்தேன். தகரத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நூல், பிசிர் பிசிராக. எங்கள் கயிற்றின் நிறம். "ஆமா, காத்துல தகரத்துல ஒரசி ராவு ராவுன்னு ராவிட்டே கெடந்துச்சு" என்றாள் அக்கா.

போன் அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மேலே ஏறும்போது போனைப் பையில் போட்டுக் கீழே வைத்துவிடுவார். மேஸ்திரி வேதமுத்து அண்ணாச்சி நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கர்த்தாவே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்? எடுத்துக் குடுத்தவ திரும்ப வாங்கும்போது பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? ஆட்டோக்காரனை "ஜல்தி பாய், ஜல்தி" என்று வழியெல்லாம் பிடுங்கி எடுத்தேன். செருப்புப் போடவில்லை என்பதுகூடத் தெரியவில்லை.

இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாம் மாடியில் பலகை தொங்குகிறது. ஆள் இல்லை.

"ஏட்டி, இங்க என்ன பண்ணுத?"

இவர் வாட்ச்மேனுடைய ஸ்டூலில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருக்கிறார்! நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆம்பிளைகள் பத்துப் பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கயிற்றைக் காட்டினார். பாதிக்கு மேல் அறுந்து, ஒரு புரிதான் பிடித்துக்கொண்டிருந்தது. "மொட்ட மாடியில கட்டையில இருந்து சுத்துச் சுத்தா விட்டேன். உள்ளங்கையில சுருக்குன்னுச்சு. முன்ன மாதிரி குவியலா இருந்தா அப்படியே தூக்கிக் கீழ வீசிருப்பேன்ட்டி." வேறு கயிறு வரும்வரை ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு அவரே, "எலிதான் கடிச்சிருக்கும். நீ எதுக்கு இப்படி ஓடியாந்த?" என்றார்.

"மனசு சரியில்ல" என்றேன். எலி இல்லையென்று சொல்லவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

எலிப்பொறி வாங்கி வந்திருக்கிறார். கட்டிலடியில் தேங்காய்ச் சில்லு வைத்து, பொந்தைத் தேடிச் சிமென்ட் பூசுகிறார். நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன்.

ஜூன் 7, புதன்

எலி மாட்டவில்லை. எப்படி மாட்டும்?

ஜூன் 8, வியாழன்

வேலையிலிருந்து வந்து அவர் சாய் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். தார்ப்பாய், தகரம், எல்லாம். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார். கத்தியிருந்தால் தேவலை. பிறகு, "கயிறு குடுத்தது தப்பில்லட்டி. அக்கா நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்கா. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? நான் அதுலதான தொங்குதேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

எழுந்து எலிப்பொறியை எடுத்து வெளியே வைத்தார். பாரம் இறங்கினது எனக்குத்தான். இன்றைக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 11, ஞாயிறு

பழைய கயிற்றில் அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். நம்பிராஜனிடம் இன்னொரு கட்டையும் வாங்கிவந்தார். இப்போது இரண்டு ஆணி, இரண்டு கட்டை. துண்டு இருப்பதில் பெயின்டால் 'தார்ப்பாய்' என்று எழுதினார். மேஸ்திரி வாங்கித் தந்த புதுக் கயிறு இருப்பதில் 'பிரைட்டன்'.

"உங்க பேரு எனக்குத் தெரியாதா?"

"மறந்துரக் கூடாதுல்லா" என்றார். கிண்டல்தான். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 26, திங்கள்

நேற்றிலிருந்து அடைமழை. பெயின்ட் வேலை நின்றுவிட்டது. பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்குகிறார். ஷரீஃபுன்னிசா அக்கா நனைந்துகொண்டு வந்து கயிறு கேட்டாள். 'தார்ப்பாய்' கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்து 'பிரைட்டன்' கட்டையை இறக்கி, முப்பது மீட்டரையும் கை வழியாக விட்டுப் பார்த்துச் சுற்றி மாட்டினேன். நாளைக்கும் வேலை இல்லை. இருந்தாலும்.

குறட்டை நின்றது. "லூசா சுத்துத" என்றார், கண்ணைத் திறக்காமலே.